ஆறிலும் அடங்காப் படை

படைமாட்சி அதிகாரத்திற்கு உரை வகுக்கப் புகுந்த பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை அறுவகைப்படுத்துவார். அப்பகுப்பு வடநூல் வழியை ஒட்டியதே எனினும், அதனுள் ஓர் உண்மை உண்டு. ஒரு படையின் இயல்பை அறிய வேண்டின், அதன் கையிலுள்ள கருவிகளை எண்ணுதல் போதாது. அப்படைமறவன் எங்கிருந்து வந்தான், எதன் பொருட்டு வந்தான் என்பதை ஆராய்தல் வேண்டும் என்பதே அவ்வுண்மை. வழிவழியாக வந்தவன் மூலப்படையினன். கூலிக்கு வந்தவன் கூலிப்படையினன். நட்பரசன் விடுக்க வந்தவன் துணைப்படையினன். பகைவனிடமிருந்து பிரிந்து வந்தவன் பகைப்படையினன்.

அங்ஙனமாயின், கூலியைக் கருதாமல், அரசன் எவனும் விடுக்காமல், தான் பிறவாத, பலர் கண்ணாலும் கண்டிராத ஒரு நாட்டின் விடுதலைக்காகத் தானே முன்வந்து நின்றவனை இவ்வாறனுள் எதனுள் அடக்குவது? 1943-ஆம் ஆண்டில் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் சிங்கப்பூர்த் தெருக்களிலிருந்தும் எழுந்து, 'இந்தியத் தேசிய இராணுவம்' என்று வழங்கிய இந்திய விடுதலைப் படையிற் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர் இத்தகையோர். அப்படையின் தலைவராகிய சுபாசு சந்திரபோசின் பெயரால் சென்னையிற் சாலை உண்டு. சனவரி 23-ஆம் நாளில் அவர் பிறந்தநாளுக்கு மாலையும் மேடையும் உண்டு. தலைவரைப் போற்றுதல் முறையே. அத்தலைவரின் பின்னால் அணிவகுத்து நின்றவர் யாவர், எவ்வூரார், எம்மொழியார் என்னும் வினாவை எழுப்புவாரைத்தான் காண்டல் அரிதாகவுள்ளது.

அவ்வினாவுக்கு விடை காண, முதலில் சென்னை மண்ணிலேயே தொடங்குதல் வேண்டும். மயிலைக்குத் தெற்கே, சாந்தோமைக் கடந்து, அடையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தின் பக்கமாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் சென்று வருகின்றனர். 1746-ஆம் ஆண்டில் அவ்வாற்றங்கரையில் நிகழ்ந்த போரை அவருள் எத்துணைப் பேர் அறிவர்? சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய அவ்வாண்டில், ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் தம் மகன் மகபூசுகானை ஏறத்தாழப் பதினாயிரம் பேர்கொண்ட படையொடு விடுத்தார். அவரை எதிர்த்தோர் சில நூறு பிரெஞ்சுக்காரரும் அவரிடம் பயிற்சி பெற்ற எழுநூற்றுவர் போன்ற உள்நாட்டுச் சிப்பாய்களுமே. பெரும்படை தோற்றது, சிறுபடை வென்றது. வென்ற படைக்குத் தலைமை தாங்கிய பாரடி என்பான் பிறப்பாற் சுவிசு நாட்டினன். அவன் பிடித்த கொடி பிரெஞ்சுக் கொடி. அவன்கீழ் நின்று சுட்டோருட் பெரும்பாலோர் இந்நாட்டார். யாருடைய போர், யாருடைய கொடி, யாருடைய குருதி என்று பிரித்தறிய இயலாத நிலை அன்றே தொடங்கிவிட்டது. அதுதான் கூலிப்படையின் இலக்கணம்.

அடையாற்றங்கரை கற்பித்த பாடத்தை ஆங்கிலேயரும் விரைந்து கற்றனர். 1748-இல் கடலூர்ப் பகுதியிலிருந்த தம் கோட்டைக்கு வந்துசேர்ந்த இலாரன்சு என்னும் படைத்தலைவனின் கீழ் உள்நாட்டாரைத் திரட்டிப் பயிற்றினர். அவ்வாறு வளர்ந்த சென்னைப் படை மைசூர்ப் போர்களிலும், பருமாவிலும், சீனத்திலும் கும்பினிக்காகப் போரிட்டது. கும்பினியாருக்கு நாடு பிடித்துக் கொடுக்கும் வரையில் தென்னாட்டான் நல்ல மறவனாகவே இருந்தான். நாடு பிடித்து முடிந்தபின் அவன் மறவனல்லாதவன் ஆகிவிட்டான்! 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த இராபர்ட்சு என்பவர், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்று துணிந்தார். வடமேற்கு நிலத்தாரே போர்க்குலத்தார் என்னும் கொள்கை அரசின் கொள்கையாயிற்று. சென்னைக் காலாட்படையணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப் பின் எஞ்சியிருந்தனவும் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் ஆள்முடை நேர்ந்தபோதுதான் அப்படையணி மீண்டும் எழுப்பப்பட்டது. ஏறிய ஏணியை எட்டி உதைத்தவர், மீண்டும் ஏறவேண்டிய பொழுது அதே ஏணியைத் தேடினர் என்க.

துப்பாக்கி ஏந்தத் தகுதியற்றவன் என்று ஒதுக்கப்பட்ட அதே தமிழன், மண்வெட்டியும் பால்வெட்டும் கத்தியும் ஏந்த மட்டும் தகுதியுடையவனாகக் கருதப்பட்டான். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றப்பட்டு மலேயாவிற் கொண்டு இறக்கப்பட்டான். ஒப்பந்தக் கூலிமுறைக்கு 1910-இல் முடிவு கட்டப்பட்ட பின்னரும், ஊரானைக்கொண்டே ஊராரை அழைத்துவரும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரையில் அவ்வொழுக்கு நிற்கவில்லை. நிலமின்மையும் பஞ்சமும் குலக்கொடுமையும் துரத்த வெளியேறியவர் அவர். நாடு அவர்க்கு ஏதும் கொடுத்ததில்லை என்பதை மனத்திற் கொண்டால்தான், பின்னர் அந்நாட்டிற்கு அவர் கொடுத்ததன் அருமை விளங்கும்.

அத்தோட்ட மக்கள் 1943-இல் திடுமென விழித்தெழுந்தனர் என்று எண்ணுதலும் பிழை. 1941-ஆம் ஆண்டிலேயே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளைக் காண்மின்: சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும், வெள்ளைத் துரை எதிரில் வரும்போது மிதிவண்டியினின்று இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். வயிற்றுக்கு வேண்டியது ஒருபுறம், மானத்திற்கு வேண்டியது மறுபுறம். அவர்க்குத் துணைநின்ற செய்தியாளர் ஆர். எச். நாதன் சிறைப்பிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கி முழங்கியது, தொழிலாளர் ஐவர் மாண்டனர். மிதிவண்டியில் அமர்ந்தபடி செல்லும் உரிமைக்காக உயிர்கொடுத்த மக்கட்கு, விடுதலை என்னும் சொல்லின் பொருளை எவரும் சென்று கற்பிக்க வேண்டியதில்லை.

1942 பிப்பிரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. சிறைப்பட்ட பிரித்தானிய இந்தியப் படையினரிலிருந்து மோகன்சிங்கின் தலைமையில் விடுதலைப் படை முதலில் உருவாயிற்று. அது பரிமேலழகர் கணக்கில் பகைப்படை. பகைவனிடமிருந்து பிரிந்து வந்த படை. சப்பானியரொடு முரண்பட்டு அவ்வாண்டின் இறுதியிலேயே அது கலைந்தது. 1943 சூலைத் திங்களிற் சிங்கப்பூர் வந்து தலைமையேற்ற சுபாசர், படைப்பயிற்சி பெற்றோர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்கட்கும் படைவாயிலைத் திறந்துவிட்டார். அவ்வாயில் வழியாக வந்தோர் ஏறத்தாழ 18,000 பேர் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். அவருட் பெரும்பாலோர் தமிழர். பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். அவருட் பலர் மலேயாவிலேயே பிறந்து வளர்ந்தோர். தமிழ்நாடு அவர்க்குத் தாயும் தந்தையும் சொல்லக் கேட்ட ஒரு பெயர், ஒரு குலதெய்வக் கோயில், ஓர் ஆற்றங்கரை. பிறப்பால் அயல்நாட்டவர், உள்ளத்தால் உடன்பிறந்தவர். போர்க்குலத்தார் அல்லர் என்று வெள்ளையன் முத்திரை குத்திய அம்மக்கள், முதன்முறையாகத் தமக்கென ஒரு துப்பாக்கியைத் தாமே விரும்பி ஏந்தினர்.

தாமே விரும்பி என்பது முற்றும் உண்மையா என்று வினவுவார் உளர். அவ்வினாவை அஞ்சி ஒதுக்குதல் ஆகாது. போரினால் இரப்பர் வாணிகம் படுத்துவிட்டது, தோட்டங்களில் வேலையில்லை, அரிசி இல்லை. சயாமையும் பருமாவையும் இணைக்க 415 கல்மாத்திரி நீளத்திற்குச் சப்பானியர் அமைத்த இருப்புப்பாதைக்கு மலேயாத் தமிழர் பல்லாயிரவர் பிடித்துச் செல்லப்பட்டனர். ஆசியத் தொழிலாளர் பல பதினாயிரவர் அங்குக் காய்ச்சலாலும் பசியாலும் அடியாலும் மாண்டனர். அவருள் தமிழர் பெருந்தொகையினர். அப்பாதைக்குத் தப்பும் வழியாகவே படையிற் சேர்ந்தாரும் இருந்தனர் என்பது மறைக்கத் தக்கதன்று. சப்பானியனை மீட்பன் என்று புகழ்வாரும் உண்மை கூறுவாரல்லர். ஆசியன் ஆசியனுக்கு உறவு என்று பேசிக்கொண்டே ஆசியனைப் புதைத்த ஆட்சி அது.

ஆயினும், பசியினின்று தப்ப விரும்புவோன் பின்வாங்கும் படையின் பக்கம் நெடுநாள் நில்லான். 1944-இல் இம்பால், கோகிமா முனைகளில் தோல்வி நேர்ந்து, மழையும் நோயும் பட்டினியும் சூழப் பருமாக் காடுகளின் வழியே படை மீண்டபோது, ஓடிப்போக வழியிருந்தும் ஓடாது நின்றவரும் பலர். புகுந்த வாயில் ஒருவனுக்குப் பசியாக இருக்கலாம். நிலைத்து நின்ற காரணம் பசியன்று. மாந்தர் செயல்கள் எல்லாம் கலப்பற்ற காரணத்தாலேயே நிகழவேண்டும் என்று அளந்தால், உலகில் எந்தப் படையும் தொண்டர்படை ஆகாது.

இவ்விடத்துச் சென்னையின் மகள் ஒருவரை நினைத்தல் வேண்டும். மயிலைக் கடற்கரையிலுள்ள இராணி மேரிக் கல்லூரியிற் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இற் பட்டம் பெற்ற மருத்துவர் இலக்குமி, 1940-இற் சிங்கப்பூர் சென்றார். தந்தை சாமிநாதன் தமிழர். தாய் அம்மு பாலக்காட்டுப் பகுதி மலையாளக் குடியினர். சிங்கப்பூரில் மருத்துவமனை நடத்திவந்த அவர், 1943-இற் சான்சியரசி பெயரால் அமைந்த மகளிர் படையணிக்குத் தலைவரானார். அவர்கீழ் அணிவகுத்த நூற்றுக்கணக்கான மகளிருட் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தோர். வளமான குடியிற் பிறந்த கோலாலம்பூர்ச் சானகியும், நாள்தோறும் பால்வெட்டிக் கை காய்ப்பேறிய பெண்ணும் ஒரே வரிசையில் நின்றனர். ஒரே சோற்றை உண்டனர். தமிழ்நாட்டு ஊர்களில் அந்நாளில் ஒரே கிணற்றில் நீர்முகக்க இயலாதவர்கள் அங்கு ஒரே கூடாரத்தில் உறங்கினர். விடுதலை வருமுன்னரே அவர் விடுதலையை வாழ்ந்து காட்டினர் எனல் மிகையன்று. இலக்குமியார் 2012-இலும், சானகியார் 2014-இலும் மறைந்தனர்.

ஒன்று கூறாது விடின் இவ்வரலாறு முழுமையாகாது. தமிழர் பெருந்தொகையினராக நின்ற அப்படையின் ஆட்சிமொழி, உரோம எழுத்தில் எழுதப்பட்ட இந்துத்தானி. நில், நட, சுடு என்னும் ஆணைகளையும் தமிழன் தன் தாய்மொழியிற் கேட்டானல்லன். பயிற்சிப் பாசறையில் துப்பாக்கியொடு அம்மொழியையும் சேர்த்தே கற்க வேண்டியவனானான். பல மொழியார் கூடிய படைக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்பர். இருக்கட்டும். ஆனால் அத்தோட்டத் தமிழனின் நெஞ்சைத் தொட்டு அழைத்தது எம்மொழி? சுபாசரின் பேச்சு தமிழிற் பெயர்த்துச் சொல்லப்பட்ட பின்னரே கூட்டம் எழுந்து ஆர்த்தது. தமிழ் வானொலி உரைகளும் தமிழ் இதழ்களுமே தோட்டந்தோறும் செய்தியைக் கொண்டுசேர்த்தன. ஆணை பிறமொழியில் வந்திருக்கலாம். ஈகம் தாய்மொழியிற்றான் பிறந்தது. உயிரைக் கேட்கும்போது தமிழ் வேண்டியிருந்தது. பெயரை எழுதும்போது மட்டும் அது வேண்டாததாயிற்று.

பெயர் எவ்வாறு மறைந்தது என்பதையும் ஆராய்வோர் அறிவர். போர் முடிந்தபின் 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையிற் சாநவாசுகான், சாகல், தில்லான் என்னும் படைத்தலைவர் மூவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. மூவரும் முன்னர்ப் பிரித்தானிய மன்னனுக்கு உறுதிமொழி தந்த படையினர். அதனை மீறி அம்மன்னன்மீது போர்தொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. நாடே கொதித்தெழுந்தது. மூவர் பெயரும் வீட்டுக்கு வீடு ஒலித்தன. தோட்டத் தமிழனோ எம்மன்னனுக்கும் உறுதிமொழி தந்தவனல்லன். ஆதலின் அவன்மேல் வழக்கில்லை. வழக்கில்லாமையால் செய்தியில்லை, செய்தியில்லாமையாற் பெயரில்லை. படைக்கலத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் மீண்டும் அதே தோட்டத்திற்குப் பால்வெட்டச் சென்றான்.

அங்கும் அவன் அடங்கிக் கிடக்கவில்லை. விடுதலைப் படையிற் பயிற்சியாளராயிருந்தவரும் தஞ்சை மாவட்டத் தம்பிக்கோட்டையிற் பிறந்தவருமான கணபதி, மலேயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக உயர்ந்தார். 1949 மே 4-ஆம் நாள் ஆங்கிலேய ஆட்சி அவரைக் கோலாலம்பூர்ச் சிறையில் தூக்கிலிட்டது. இந்தியா விடுதலை பெற்று ஈராண்டு நெருங்கிய நேரம் அது.

சென்னையும் அப்படையினரின் குருதியை அறியாத ஊரன்று. மலேயாவிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் விடுக்கப்பட்டுக் கரையிறங்கிப் பிடிபட்டோருள் நால்வர், 1943 செப்தம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். வக்கம் அப்துல் காதர், அனந்தன் என்னும் கேரளத்தார் இருவர். சத்தியேந்திர பருதன் என்னும் வங்கர். பௌசாசிங் என்னும் பஞ்சாபியர். மொழியால் வேறானோரும் சாவில் ஒன்றாயினர். அச்சிறைக் கட்டடம் 2009-இல் இடிக்கப்பட்டது. அந்நிலம் இலக்குமியார் பயின்ற மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது.

பிறநாடுகள் தம் பொருட்டு வந்த அயலாரை எங்ஙனம் மதித்தன என்பதையும் ஒப்புநோக்குக. பிரான்சு 1831-இல் அயலவர் படையணி ஒன்றை அமைத்தது. வந்தவனின் பழம்பெயரைக் கேளாது புதுப்பெயர் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட போதும், பின்னர்க் குடியுரிமை பெறும் வழியையும் வைத்தது. இசுபெயின் உள்நாட்டுப் போரில் 1936 முதல் 1938 வரை குடியரசின் பக்கம் நின்று போரிட்ட பன்னாட்டுத் தொண்டருள் எஞ்சியோர்க்கு, அறுபதாண்டு கழித்தேனும், 1996-இல் அந்நாடு குடியுரிமை வழங்க முன்வந்தது. நேபாளக் கூர்க்கரை ஆங்கிலேயர் 1815 முதற் படைக்கெடுத்தனர். 1947-இல் பத்துக் கூர்க்கப் படையணிகளுள் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரித்தானியாவுக்கும் எனப் பகுக்கப்பட்டன. அயல்நாட்டுக் குடியினராகிய அவர்க்கு இந்திய அரசு நேபாளத்திலேயே ஓய்வூதியம் வழங்கி வருகிறது. அது நேர்மையே, குறைகூறற்கில்லை. கூலிபெற்றுக் காத்தவனுக்கு முறையாக ஏடு இருக்கிறது, எண் இருக்கிறது, ஊர் இருக்கிறது. கூலி கருதாது வந்த தோட்டத் தமிழனுக்கோ, இந்தியா அவனை மலேயாக்காரன் என்கிறது. மலேயா அவனது போரை இந்தியன் போர் என்கிறது. இரு நாட்டு வரலாற்றுக்கும் இடையே அவன் விழுந்து கிடக்கிறான்.

இது பழங்கதை என்று ஒதுக்குவார்க்கு ஒன்று கூறலாம். உருசிய உக்கிரைன் போரில், வேலை வாங்கித் தருவதாக முகவர் கூறிய சொல்லை நம்பிச் சென்ற இந்திய, நேபாள இளைஞர் உருசியப் படையிற் சேர்க்கப்பட்டுப் போர்முனையில் மாண்ட செய்தி 2024-இல் உலகறிய வெளிவந்தது. பழைய கங்காணி தலைப்பாகை கட்டியிருந்தான். புதிய கங்காணி கைப்பேசி வைத்திருக்கிறான். அவ்வளவே வேறுபாடு. பொருளுக்காகப் பிறன் போரிற் சாதலுக்கும், உரிமைக்காகத் தானே முன்வந்து நிற்றலுக்கும் உள்ள வேற்றுமையை இளைஞர்க்குக் கற்பிக்க, 1943-ஆம் ஆண்டுத் தொண்டரின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த பாடம் இல்லை.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. இந்தியப் பாதுகாப்புத் துறை 1997-இல் வெளியிட்ட விடுதலைப் படை ஆவணங்கள் 990 கோப்புகள் தில்லி ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தமிழறிந்த ஆய்வாளர் சென்று, அவற்றில் உரோம எழுத்திற் சிதைந்து கிடக்கும் தமிழ்ப் பெயர்களைத் தமிழெழுத்தில் மீட்டெடுத்து, கிடைக்குமளவிற்கு ஊர்ப்பெயரொடு பட்டியல் செய்தல் முதலாவது. மலேசியாவிலும், சிங்கப்பூரிலும், பருமாவிலிருந்து மீண்டு தமிழகத்திற் குடியேறிய குடும்பங்களிலும் தந்தையும் பாட்டியும் கூறிச்சென்ற செய்திகளை மக்களிடமிருந்து திரட்டுதல் இரண்டாவது. சான்று கூறத்தக்க முதியோர் நாளுக்குநாள் மறைந்து வருதலின் இதற்குக் காலத்தாழ்வு ஆகாது. தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் தலைவர் பெயரொடு நில்லாது, தொண்டர் புறப்பட்ட மாவட்டங்களையும், கிள்ளான் வேலைநிறுத்தத்தையும், சயாம் இருப்புப்பாதையையும் சேர்த்து எழுதுவித்தல் மூன்றாவது.

மயிலையிலும் தியாகராயநகரிலும் அடையாற்றிலும் உள்ள பள்ளி ஆசிரியர் இதற்கு அரசின் ஆணையை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை. அடையாற்றுக் கழிமுகத்திற்கு மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்லலாம். இங்கே கூலிக்காகத் தமிழன் பிறன் கொடியைப் பிடித்தான் என்று காட்டலாம். அங்கிருந்து கடற்கரை வழியே வடக்கு நோக்கி நடந்து இராணி மேரிக் கல்லூரியின் முன் நிறுத்தலாம். இங்கே படித்த ஒரு பெண், கூலிக்கு விற்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைக் கொண்டே கூலிக்கு விலைபோகாத படையை நடத்தினாள் என்று கூறலாம். அவ்விரண்டு இடத்திற்கும் இடையிலுள்ள தொலைவு சில கல்லே. அதனைக் கடக்கத் தமிழினத்திற்கு இருநூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பழைய உரையாசிரியர் அறுவகைப் படையோடு நிறுத்தினார். ஏழாவது வகைக்கு இலக்கணம் தம் குருதியால் எழுதிச் சென்றவர் மலேயாத் தமிழ்த் தொண்டர். அவ்விலக்கணத்திற்கு உரை எழுதுதல் இனித் தமிழ் கற்றோர் கடன்.